குட்டி நாய் உள்ள வீட்டில் மாசிப் பட்டம்: வேலியா, உறையா, மாடியா, பந்தலா?

மாசிப் பட்டத்துக்கு விதை வாங்கி வைத்த வீட்டுக்கு இரண்டு மாதக் குட்டி ஒன்றும் வந்து சேர்ந்தால், எதைப் போடுவது என்பதைவிட எங்கே போடுவது என்பதுதான் முதல் கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளுக்கு நடைமுறையில் நாலு வழி உண்டு: தரையில் பாத்தி பிடித்துச் சுற்றிலும் வேலி, சிமெண்ட் உறை (கிணற்றுக்கு இறக்கும் வளையம்) அல்லது ஹாலோ பிளாக் வைத்து உயர்த்திய பாத்தி, மொட்டைமாடியில் பை, கொடிக்காய்க்குப் பந்தல். நாலிலும் காய் எடுக்கலாம். ஆனால் குட்டி எதற்காகத் தோண்டுகிறது என்று பார்க்காமல் எதைத் தேர்ந்தாலும், பங்குனிக்குள் பாதிச் செடி போய்விடும்.

தோண்டுவதற்கு முதல் காரணம் சூடு. மாசி பாதியிலேயே செம்மண் வாசல் பதினொரு மணிக்குக் கால் வைக்க முடியாதபடி காய்ந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டைச் சுற்றிக் குளுமையான இடம் என்றால், காலையில் தண்ணீர் விட்ட பாத்தி ஒன்றுதான். குட்டி மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குப் பறித்துத் தள்ளிவிட்டு, அடி ஈரத்தில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நாற்று அதன் காலில் மாட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே எந்த வழியைப் பிடித்தாலும் குட்டிக்கென்று ஒரு ஈரக்குழி கட்டாயம் வேண்டும். இது வேலியைவிட முக்கியம், வேலிக்கு முன்னால் செய்ய வேண்டியது.

நாலுக்கு மூன்று அடியில், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். நிழலில் இருக்க வேண்டும். மரம் இல்லாவிட்டால் மேலே தென்னங்கீற்றோ பச்சை வலையோ கட்டிவிடலாம். விளிம்புக்குக் கல் அடுக்கி, சலித்த செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி நிரப்பினால் மொத்தம் 18 கன அடி பிடிக்கும். தனி எம்-சாண்டில் துகளுக்கு முனை கூர்மை, தூளும் ரோமத்தில் ஒட்டும். செம்மண் கலந்தால் பரவாயில்லை. பத்தரை, பதினொரு மணிக்கு இரண்டு பக்கெட் தண்ணீர் இதில் ஊற்றுங்கள். காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றிரண்டைப் புதைத்து வைத்தால் குட்டி அங்கேயே தோண்டிப் பழகும். இதோடு சேர்த்து, செடிக்குத் தண்ணீர் விடும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட வேண்டும். சாயங்காலம் விட்ட பாத்தி மறுநாள் உச்சிவெயிலில் மேலே காய்ந்திருக்கும், குழிதான் ஈரமாக இருக்கும். இந்த நேர மாற்றத்துக்குச் செலவே இல்லை, ஆனால் பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவதும் இதுதான்.

இரண்டாவது காரணம் வாசனை. எலும்புத்தூள், மீன் அமிலம், பஞ்சகவ்யம் மூன்றுமே நாய்க்குச் சாப்பாட்டு வாசனை. எலும்புத்தூள் போட்ட குழியைக் கல் வைத்து மூடினாலும் கல்லைப் புரட்டித் தோண்டும், அளவுக்கு மேல் தின்றால் வயிற்றில் கட்டிக்கொண்டு அடைப்பும் வரும். மட்காத சாணி போட்டால் அதில் வெள்ளைப் புழு இருக்கும், அதைத் தேடியும் கிளறும். இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ஆமணக்குப் புண்ணாக்கு. இந்தப் பக்கம் தோட்டத்துக்கு எளிதில் கிடைப்பதால் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு எண்ணெயில் போகாது, புண்ணாக்கில்தான் தங்கும். நாய்க்கு அதன் வாசனையும் பிடிக்கும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் ரத்தப்பேதியும் தொடங்கும், உயிரே போகலாம். குட்டி உள்ள வீட்டில் அது மூட்டையாகக்கூட இருக்கக் கூடாது. நன்றாக மட்கிய தொழுஉரம், மண்புழு உரம், கசப்பு வாசனைக்காக வேப்பம் புண்ணாக்கு இவை போதும். பஞ்சகவ்யம் தெளித்தே ஆக வேண்டும் என்றால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து, குட்டியை உள்ளே அடைத்த பிறகு தெளித்து, இலை காய்ந்ததும் வெளியே விடுங்கள்.

மூன்றாவது, பல். மூன்றரை மாதத்தில் பால்பல் விழத் தொடங்கி ஏழு மாதத்துக்குள் புதுப்பல் முளைத்து முடியும். இடைப்பட்ட காலத்தில் சொட்டுநீர்க் குழாய், நைலான் கயிறு, கொடியின் அடித்தண்டு எல்லாம் கடிக்கத்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நாலு வழிகளையும் பார்க்கலாம்.

தரைப் பாத்தியும் வேலியும்

ஐந்து சென்டுக்கு மேல் காலியிடம் உள்ளவர்களுக்குப் பொருந்தும். விளைச்சல் இதில்தான் அதிகம், வேலையும் இதில்தான் அதிகம். பத்துக்கு நாலு அடிப் பாத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நின்று களை எடுக்கச் சுற்றிலும் இரண்டடி விட்டால் வேலி 14-க்கு 8 அடி வரும், சுற்றளவு 44 அடி. நாலரை அடிக்கு ஒரு கால் என்றால் கால் பத்து, இரண்டரை அடிக் கதவுக்குக் கூடுதலாக ஒன்று. நாலடி அகலக் கோழிவலை 50 அடி வாங்கினால் போதும். வலைக் கண் ஓரங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டங்குலக் கண்ணில் சின்னக் குட்டியின் தலை உள்ளே போகும், காது தடுத்துத் திரும்ப வராது.

வலையை மண்ணில் புதைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் மண்ணில் ஓரடி தோண்டினால் பல இடத்தில் பாறையோ சுக்கான் கல்லோ கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். புதைக்காமலே காரியம் ஆகும். நாலடி வலையில் மூன்றடியை நிமிர்த்திக் கட்டி, கீழ் ஓரடியை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் படுக்க வைத்து, மேலே கல் அடுக்கி மண் தள்ளிவிடுங்கள். நாய் எப்போதும் வேலியை ஒட்டியே தோண்டத் தொடங்கும், காலுக்கு வலை தட்டுப்படும், விட்டுவிடும். இரண்டடி பின்னால் போய்ச் சுரங்கம் வெட்டும் யோசனை அதற்கு வராது. வெட்டிய கம்பி முனைகளைப் பிளையரால் உட்பக்கம் மடக்குங்கள், கண்ணில் குத்தும்.

இந்த வேலி தோற்பது கதவில்தான். கதவுக்கு அடியில் மூன்றங்குல இடைவெளி இருந்தால் குட்டி உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும். கதவடியில் ஒரு கல் பலகையைப் படியாகப் பதித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமும் இல்லை. கதவு உட்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். வெளிப்பக்கம் திறந்தால் நீங்கள் கொக்கியை எடுத்த நொடியில் காலிடுக்கில் உள்ளே போகும்.

காட்டுப்பன்றிக்குக் கட்டுவதுபோலப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது குட்டியிடம் செல்லாது. காற்றில் ஆடும் துணி அதற்கு விளையாட்டுச் சாமான், ஒரே மத்தியானத்தில் முழுச் சேலையும் கீழே வரும். முள் வெட்டிப் போடுவதும் வேண்டாம், பாதத்தில் ஏறிய கருவேல முள் உள்ளே ஒடிந்தால் சீழ் வைக்கும். மூன்றடி உயரம் இந்தப் பட்டத்துக்குப் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற கால்நீண்ட சாதியாக இருந்தால் இப்போதே ஐந்தடிக்குக் கால் நட்டுவிடுவது நல்லது, பிறகு வலையை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

சிமெண்ட் உறை, ஹாலோ பிளாக்

வாசலில் பத்தடிக்குப் பத்தடி இடம்தான் என்றால் உறை நல்ல ஏற்பாடு. மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள இரண்டு உறையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 14 கன அடி மண் பிடிக்கும். கத்தரி மூன்று, அல்லது மிளகாய் ஐந்தாறு, அல்லது ஒரு போகம் கீரை. ஹாலோ பிளாக்கில் எட்டுக்கு மூன்று அடியில் ஒன்றரை அடி உயரம் கட்டினால் 36 கன அடி, ஏறக்குறைய ஒரு கன மீட்டர். நனைந்த மண் ஒன்றரை டன்னைத் தொடும், ஆகவே கட்டிய பிறகு இடம் மாற்ற முடியாது என்பதை யோசித்துக் கட்டுங்கள். அடியில் அரையடிக்குத் தேங்காய் மட்டையும் சருகும் போட்டு, அதற்கு மேல் செம்மண் இரண்டு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு, மணலோ கழுவிய தென்னைநார்க் கழிவோ ஒரு பங்கு. மட்டை மக்க மக்க மண் இறங்கும், ஆடிக்கு முன் ஒரு கூடை மண் சேர்க்க வேண்டியிருக்கும்.

உயரம் மட்டும் குட்டியைத் தடுக்காது. இரண்டடிச் சுவரை நாலு மாதத்தில் தாண்டிவிடும். இதன் பலமே வேறு: இடம் சிறிது, உள்ளே ஓட முடியாது, செடிக்கு நடுவில் கால் வைக்க இடமில்லாமல் செய்துவிடலாம். நட்ட அன்றே செடிக்கு நடுவே தட்டைக் கல்லைப் பரப்புங்கள், கையகல மண்கூடத் தெரியக் கூடாது. கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் கழித்துப் போடும் சில்லு இதற்கு வசதி. வெளிர் நிறமாகப் பொறுக்குங்கள், கறுப்புக் கல் சூடேறித் தண்டைச் சுடும். விளிம்பு கூராக இருந்தால் இன்னொரு கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். படுக்க இடமில்லை என்று தெரிந்ததும் குட்டி தன் குழிக்குப் போய்விடும், கல் மூடிய மண்ணில் ஈரமும் ஒரு நாள் கூடுதலாக நிற்கும்.

சிமெண்ட் விளிம்பு வெயிலில் காய்வதால் ஓரத்தில் வேர் அதிகம் ஓடாது. மேற்குப் பக்கம் வெளியே ஈரச் சாக்கைச் சுற்றலாம் என்பார்கள், அதையும் குட்டி இழுத்துவிடும். சுண்ணாம்பு அடித்துவிட்டால் சூடு குறையும்.

மொட்டைமாடி

வாடகை வீடு, கீழே முழுக்கச் சிமெண்ட் தளம் என்றால் வேறு வழியில்லை. படிக்கதவைச் சாத்தினால் நாய்ப் பிரச்சினை அத்தோடு முடிந்தது. வெளிப்படிக்கட்டு வீடுகளில் அடியில் மூன்றடிக் கதவு ஒன்று வேண்டும். குட்டியை மாடிக்குப் பழக்கவே வேண்டாம், கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும் வீடுகளில் பறவையைத் துரத்தித் தாவினால் நேரே கீழேதான்.

ஆனால் வேறு கணக்கு வரும். 15-க்கு 15 அங்குலப் பை ஒன்றில் 43 லிட்டர் கலவை பிடிக்கும், நனைந்தால் 35, 40 கிலோ. இருபது பை முக்கால் டன். சுவரும் உத்தரமும் ஓடும் வரிசையில் வையுங்கள், தளத்தின் நடுவில் குவிக்காதீர்கள். பங்குனியில் பைக்கு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர், இரண்டு தவணையாக. பாதி நிழல் தரும் பச்சை வலை இல்லாமல் தருமபுரி, அரூர், ஊத்தங்கரை வெயிலில் சித்திரையைக் கடக்க முடியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டுநிலம், அங்கே இன்னும் ஒரு மாதம் தாங்கும், பீன்ஸும் முள்ளங்கியும்கூட மாசியில் வரும். போர்வெல் தண்ணீரில் பையின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். மாதம் ஒருமுறை அடியில் வழியும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவினால் செடி மஞ்சளடிப்பது குறையும். மலையடி ஊர்களில் குரங்கு மாடிக்கு வரும், அங்கே கீழே நாய் இருந்தும் பயனில்லை. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பு கிடைக்கிறதா என்று வட்டார அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பை வாங்குவது நல்லது.

பந்தல்

குட்டி உள்ள வீட்டுக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். காரணம் எளிது: காக்க வேண்டியது நாலு குழி மட்டும், காய் முழுக்க நாய் எட்டாத உயரத்தில். அதோடு இலை மூடிய பந்தலின் அடியில்தான் குட்டியின் ஈரக்குழிக்கும் நிழல். மாசி முதல் வாரம் விதைத்த கொடி பங்குனிக் கடைசியில் பந்தலை மூடும், வெயில் உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான். அதுவரை குழிக்கு மேல் கீற்று இருக்கட்டும்.

பத்துக்குப் பத்தடிப் பந்தலுக்கு எட்டடிக் கல்கால் நாலு, நடுவில் ஒரு சவுக்குக் கம்பு. கல்காலை ஒன்றரை அடி புதைத்தால் மேலே ஆறரை அடி நிற்கும். மூலைக் கால்களை வெளிப்பக்கமாக இழுகம்பி கட்டி நிறுத்தாவிட்டால் காய்ப் பாரத்தில் உள்ளே சாயும். மேலே ஒன்றரை அடிக் கட்டமாகக் கம்பி ஓட்டுங்கள். குழி நாலும் கால்களை ஒட்டி ஓரத்தில் வரட்டும், நடு இடம் குட்டிக்கு. குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம், குழிக்குப் பத்து கிலோ தொழுஉரம், 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு. நாலைந்து விதை ஊன்றி, மூன்று இலை வந்ததும் நல்லது இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

முளைத்த செடிக்கு, அடிப்பாகம் வெட்டி எடுத்த 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்து மூன்றங்குலம் மண்ணில் அழுத்தி வைத்தால் ஒரு மாதத்துக்குக் காவல். அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கொடி பந்தலில் ஏறியாயிற்று, இனி பயமில்லை என்று பக்கெட்டை எடுத்துவிடுவார்கள். பல் முளைக்கும் குட்டி அடித்தண்டை ஒரு கடி கடித்தால் மேலே பத்தடிக்குப் படர்ந்தது மொத்தமும் இரண்டு நாளில் வாடிவிடும். பாத்தியில் ஒரு செடி போனால் ஒரு செடி, பந்தலில் ஒரு தண்டு போனால் கால் பந்தல். ஆகவே பக்கெட்டை எடுக்கும் அன்றே, நாலடி நீளக் கோழிவலைத் துண்டை ஓரடி விட்ட வளையமாகச் சுருட்டி, மூன்றடி உயரத்துக்குத் தண்டைச் சுற்றி நிறுத்திக் கல்காலோடு கட்டிவிட வேண்டும். கடைசிக் காய் பறிக்கும் வரை அது இருக்கட்டும். குட்டியைப் பந்தல் காலில் கட்டிப் போடுவதும் கூடாது, சங்கிலி காலைச் சுற்றிச் சுற்றித் தண்டை அறுத்துவிடும்.

பந்தலுக்குப் பீர்க்கு, பாகல் இரண்டும் தொல்லையில்லாதவை. நீளப் புடலை வேண்டாம். காய் நிமிர்ந்து வர நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவோம், அந்தக் கல் நாயின் மூக்குக்கு நேரே ஆடும். குட்டைப் புடலை போடலாம். பழ ஈக்குப் பொறி தொங்கவிடுகிறவர்கள் ஐந்தடிக்குக் கீழே கட்டாதீர்கள், உள்ளே இருப்பது பூச்சிமருந்து.

தண்ணீருக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டால் கடிபடும். குழிக்கு ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, கல்லால் மூடிவிடுவது நாலு குழிப் பந்தலுக்கு அதைவிட மேல்.

எதை நடலாம், எதை வேண்டாம்

வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பூசணி, கீரை வகை எதையும் குட்டி கடித்தால் நட்டம் உங்களுக்குத்தான், அதற்கு ஒன்றும் ஆகாது. வெண்டை 45, 50 நாளில் காய்க்கும், சிறுகீரை மூன்றரை வாரத்தில் பறிக்கலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை அழிப்பவை, பச்சையாகத் தின்றாலும் வேகவைத்துத் தின்றாலும் ஒன்றுதான். சின்ன வெங்காயம் போடுவதாக இருந்தால் மாடியில் மட்டும். தக்காளியின் இலை, தண்டு, பச்சைக்காய் வயிற்றைக் கெடுக்கும். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளிச் சந்தை இருக்கும்போது, குட்டி வளரும் வருடத்தில் அதற்கு இடம் ஒதுக்குவது தேவையே இல்லை. வேலியோரத்து அரளி, ஊமத்தை, ஆமணக்கு, மரவள்ளி நான்கும் நஞ்சு. முதல் மூன்றை அப்புறப்படுத்துங்கள், மரவள்ளி இருந்தால் கிழங்கும் தோலும் வாயில் படாமல் பாருங்கள். வாசலில் மாமரம் உள்ள வீடுகளில் சித்திரை முதல் கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விழுங்கிய மாங்கொட்டை குடலை அடைத்தால் அறுவைதான் வழி.

குட்டியை விரட்ட மிளகாய்த்தூள் தூவுவது, அந்துருண்டை போடுவது இரண்டும் செய்யாதீர்கள். மிளகாய்த்தூள் ஒரு தண்ணீரில் கரைந்துவிடும், அதற்குள் கண்ணையும் மூக்கையும் எரித்திருக்கும். அந்துருண்டையைத் தின்றால் விஷம். மண்ணில் தூவும் குருணைப் பூச்சிக்கொல்லி எந்தப் பெயரில் இருந்தாலும் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம். அவற்றில் ஒன்றான போரேட் 2020 கடைசியோடு தடை செய்யப்பட்டது, பழைய பாக்கெட் கொட்டகையில் இருந்தால் அதுவே பெரிய ஆபத்து.

இன்னொரு பக்கமும் உண்டு: குட்டியால் நமக்கு வருவது. நாய் மலத்தில் உள்ள உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலில் ஏறும். பாத்தியில் மலம் கண்டால் சுற்றி மண்ணோடு அள்ளி எறியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் இந்தப் பட்டத்துக்குக் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி என்று பச்சையாகத் தின்பதைப் பறிக்க வேண்டாம். மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை குட்டிக்குக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும், அளவைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். சிறுநீர் பட்ட செடி ஓரம் கருகும். அதே நேரத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும்.

சொந்த வீடு, ஓரளவு வாசல் என்றால் ஒரு பந்தலும், கீரைக்கும் மிளகாய்க்கும் இரண்டு உறையும் இந்தப் பட்டத்துக்குப் போதும். மாடி வீட்டுக்குப் பை. பெரிய கொல்லை உள்ளவர்கள் வேலி போடலாம், ஆனால் முழுக் கொல்லைக்கும் போடாமல் ஒரே ஒரு பாத்திக்குப் போட்டுப் பாருங்கள். தை மாதம் இரண்டு மாதமாக வந்த குட்டிக்கு ஆடியில் எட்டு மாதம் ஆகியிருக்கும். பல் முளைத்து முடிந்திருக்கும், வெயிலும் இறங்கியிருக்கும். அப்போது திறந்த பாத்தி பிடித்து ஆடிப்பட்டம் விதைக்கலாம். வலையைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், முளைக்கும் முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கோழிக்காகத் தேவைப்படும்.